பெருக்கிக்கு ஏற்ற சுமை: ஒலியின் பின்னே நிற்கும் மின்னெதிர்ப்பு

செங்கல்பட்டுக்கு வடக்கே, பெருநெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அருகருகே செல்லும் இடத்தில் அமைந்திருக்கிறது சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்து அமைத்த கருவறையில் பாடலாத்ரி நரசிம்மர் வீற்றிருக்கிறார். மூலவரை வலம் வர விரும்புவோர் குன்றையே சுற்றி வர வேண்டும். இத்தகைய திருத்தலங்களில் மார்கழி விடியலில் திருப்பாவை ஒலிக்கும்போது, தெருவின் தொடக்கத்தில் நிற்பவர் கேட்கும் அதே தெளிவோடு கோடியில் நிற்பவரும் கேட்க வேண்டும். நீண்ட கம்பியின் வழியே மின்னாற்றலைச் சிதறாமல் கொண்டுசெல்லும் அந்தத் திறமையை நம் ஊர்களின் மைக் செட் தொழிலாளர்கள் தலைமுறைகளாகக் கைக்கொண்டு வருகிறார்கள். எந்தக் குழாய் ஒலிபெருக்கியை எந்த முனையில் கட்டுவது, எத்தனை குழாய்களை ஒரே வரிசையில் இணைப்பது என்று அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் பின்னால் மின்னெதிர்ப்புப் பொருத்தம் என்னும் அறிவியல் விதி நிற்கிறது.

அதே விதி இன்று இப்பகுதியின் அடுக்குமாடிகளிலும் புதிய தேவையோடு நுழைந்திருக்கிறது. 1937-இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரி தொடங்கிப் பொத்தேரியின் பல்கலைக்கழகம் வரை, கித்தார் பயிலும் இளைஞர்கள் இந்த நெடுஞ்சாலை நெடுகிலும் வாழ்கிறார்கள். தேவாலயங்களின் பாடற்குழுக்களிலும் கல்லூரி இசைக்குழுக்களிலும் அவர்கள் வாசிக்கிறார்கள். வெற்றிடக் குழலால் இயங்கும் வால்வுப் பெருக்கியின் செறிந்த ஒலி அவர்களை ஈர்க்கிறது. ஆனால் அந்தச் செறிவு பெருக்கியை அதன் முழுத்திறனுக்கு அருகே இயக்கும்போதுதான் பிறக்கிறது. கித்தாருக்குரிய 12 அங்குல ஒலிபெருக்கி, 1 வாட் திறனில் 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 97 முதல் 100 டெசிபெல் வரை ஒலிக்கும். திறன் 50 வாட்டாகும்போது அதனுடன் மேலும் 17 டெசிபெல் கூடும். நடுவண் அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளோ குடியிருப்புப் பகுதிகளுக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என எல்லை வகுத்திருக்கின்றன. இந்த இடைவெளியை நிரப்ப வந்த கருவியே சுமைப்பெட்டி. கடைகளில் 'லோட் பாக்ஸ்' என்று கேட்டால் கிடைக்கும். ஒலிபெருக்கி இருக்க வேண்டிய இடத்தில் அமர்ந்து, பெருக்கி தரும் ஆற்றலை ஓசையின்றி வெப்பமாக மாற்றுவது அதன் பணி. அதனிடமிருந்து சிறிய குறிப்பலையை எடுத்துக் கணினியில் பதிவு செய்யலாம். காதொலிப்பானில் கேட்கலாம்.

அந்தப் பெட்டியை வாங்கும்முன் எழும் முதற்கேள்வி, அதன் மின்னெதிர்ப்பு எத்தனை ஓம் இருக்க வேண்டும் என்பது. 4, 8, 16 என்னும் மூன்று எண்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இச்செயல் எளிதாகத் தோன்றும். தவறினால் பெருக்கியினுள் இருக்கும் விலையுயர்ந்த மின்மாற்றி எரிந்துபோகக்கூடும். ஆகவே இதன் அடிப்படையை முறையாக அறிந்துகொள்வது கடமை.

தடையும் எதிர்ப்பும்

செருமானிய அறிஞர் கியோர்க் ஓம் 1827-இல் வெளியிட்ட நூலில் மின்னழுத்தத்திற்கும் மின்னோட்டத்திற்கும் உள்ள உறவை நிறுவினார். ஒரே திசையில் பாயும் மின்னோட்டத்திற்கு அவர் வகுத்த மின்தடை போதுமானதாக இருந்தது. இசையோ திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டமாகவே கம்பியில் செல்கிறது. கம்பிச் சுருளின் காந்தப்புலம் மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கிறது. மின்தேக்கி மின்னழுத்தம் மாறுவதை எதிர்க்கிறது. இவற்றின் மின்மறுப்பும் மின்தடையும் சேர்ந்து விளையும் மொத்த விளைவே மின்னெதிர்ப்பு. ஆங்கிலேய அறிஞர் ஆலிவர் எவிசைடு 1886-இல் இக்கருத்துக்குப் பெயரிட்டு, தொலைவரிக் கம்பிகளின் கணக்கில் அதைப் புகுத்தினார். மின்னெதிர்ப்பின் அலகும் ஓம்தான். ஆயினும் அதன் மதிப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

1925-இல் செஸ்டர் ரைசு, எட்வர்டு கெலாக் ஆகிய இரு அமெரிக்கப் பொறியாளர்கள் இயங்குசுருள் ஒலிபெருக்கியின் இன்றைய வடிவத்தை விளக்கினார்கள். நிலைக்காந்தத்தின் இடைவெளியில் தொங்கும் சிறு சுருளொன்று, தான் ஒட்டியிருக்கும் காகிதக் கூம்பை முன்னும் பின்னும் அசைக்கிறது. அதன் முதுகில் '8 ஓம்' என்று பொறித்திருப்பது பெயரளவு மதிப்பு. மல்டிமீட்டர் எனப்படும் பன்னளவியின் இரு முனைகளை அதில் வைத்தால் 6 அல்லது 7 ஓம்தான் காட்டும். 16 ஓம் ஒலிபெருக்கி 12 அல்லது 13 காட்டும். பன்னளவி நேர்த்திசை மின்னோட்டத்தைச் செலுத்திச் சுருளின் தடையை மட்டுமே அளக்கிறது. இதைக் கண்டு ஒலிபெருக்கி பழுது என்று முடிவுகட்டக் கூடாது.

சென்னை மண்ணில் இக்கருவி பொதுமக்களின் காதுகளை எட்டிய வரலாறும் பழமையானது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றியது. பொருள்நெருக்கடியால் அது நின்றபின், சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்புப் பணியை ஏற்றுத் தொடர்ந்தது. கடற்கரையிலும் பூங்காக்களிலும் நிறுவப்பட்ட ஒலிபெருக்கிகளின் வழியே மக்கள் இசை கேட்டார்கள். அன்று இயங்கிய பெருக்கிகள் அனைத்தும் வால்வுகளால் ஆனவை. அந்த வால்வுதான் இன்று கித்தார் பெருக்கியில் மட்டும் தன் அரியணையை இழக்காமல் இருக்கிறது.

இடைநின்று இணைக்கும் மின்மாற்றி

வால்வு உயர்ந்த மின்னழுத்தத்தில் குறைந்த மின்னோட்டத்தைத் தரும் இயல்புடையது. கித்தார் பெருக்கியின் உள்ளே 400 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் இருப்பது இயல்பு. ஒலிபெருக்கியோ குறைந்த அழுத்தத்தில் மிகுந்த மின்னோட்டத்தைக் கேட்கிறது. மிதிவண்டியின் பற்சக்கரங்கள் காலின் விசையைச் சாலையின் ஏற்ற இறக்கத்திற்கு இசைய மாற்றித் தருவதுபோல, வெளியீட்டு மின்மாற்றி இவ்விரண்டையும் இணைக்கிறது.

அதன் விதி சுருக்கமானது. முதன்மைச் சுருளுக்கும் துணைச் சுருளுக்கும் உள்ள சுற்று விகிதத்தின் இருபடி எவ்வளவோ, அவ்வளவு மடங்கு பெருகித் துணைப்புறச் சுமை முதன்மைப்புறத்தில் தோன்றும். ஒரு பெருக்கியின் வால்வுகள் 6,400 ஓம் சுமையை வேண்டுகின்றன என்போம். ஒலிபெருக்கி 8 ஓம். 6,400-ஐ 8-ஆல் வகுத்தால் 800. அதன் இருபடி மூலம் ஏறத்தாழ 28.3. ஆகவே முதன்மைச் சுருளில் துணைச் சுருளைவிட 28.3 மடங்கு சுற்றுகள் இருக்க வேண்டும். இந்த 8 ஓம் முனையில் 16 ஓம் சுமையை இணைத்தால் வால்வு 12,800 ஓமைக் காணும். 4 ஓமை இணைத்தால் 3,200 ஓமைக் காணும். மின்மாற்றிக்குத் தனக்கென ஓம் மதிப்பு கிடையாது. அது விகிதத்தை மட்டுமே அறியும். பெருக்கியின் பின்புறத்தில் எழுதப்பட்ட எண், அந்த முனையில் இந்தச் சுமையை வைத்தால்தான் வால்வு தன் இயல்பில் இயங்கும் என்று வடிவமைத்தவர் விடுக்கும் செய்தி.

நம் தெருக்களின் குழாய்களிலும் இதே கணக்குதான் வேலை செய்கிறது. மைக் செட் பெருக்கியின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் முனைகளோடு 70 வோல்ட், 100 வோல்ட் முனைகளும் இருக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியை 100 மீட்டர் தொலைவுக்கு இழுத்தால், போகவும் வரவும் சேர்த்து 200 மீட்டர் கம்பியின் தடை ஏறத்தாழ 2.3 ஓம். அதன் கோடியில் 8 ஓம் ஒலிபெருக்கியை நேராகக் கட்டினால், பெருக்கி தரும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கம்பியிலேயே வெப்பமாகிப் போகும். 100 வோல்ட் முறையிலோ ஒவ்வொரு குழாயிலும் ஒரு சிறு மின்மாற்றி இருக்கும். 10 வாட் எடுக்கும் குழாய் அந்த வரிசையில் 1,000 ஓமாகத் தோன்றும். அத்தகைய பத்துக் குழாய்களை இணையாகக் கட்டினால் மொத்தச் சுமை 100 ஓம், கம்பியின் 2.3 ஓம் அதன் முன் சிறிதாகிவிடும். இழப்பு இரண்டு விழுக்காட்டைச் சற்றே தாண்டும். குழாய்களின் வாட்டுகளைக் கூட்டி, அந்தத் தொகை பெருக்கியின் திறனை மீறாமல் பார்த்துக்கொள்ளும் மைக் செட் தொழிலாளி, மின்னெதிர்ப்புப் பொருத்தத்தையே நாள்தோறும் செய்துகொண்டிருக்கிறார்.

வால்வுக்கு ஒரு நெறி, டிரான்சிஸ்டருக்கு ஒரு நெறி

வால்வு, டிரான்சிஸ்டர் ஆகிய இரு வகைப் பெருக்கிகளும் சுமையைக் காணும் விதம் ஒன்றுக்கொன்று நேரெதிரானது. பலர் குழம்புவதும், கருவிகள் பாழாவதும் இந்த இடத்தில்தான்.

டிரான்சிஸ்டர் பெருக்கிகளுள் பெரும்பாலானவை சுமை எதுவாயினும் ஒரே மின்னழுத்தத்தைத் தர முயல்பவை. 20 வோல்ட் தரும் பெருக்கி 16 ஓம் சுமையில் 25 வாட்டும், 8 ஓமில் 50 வாட்டும், 4 ஓமில் 100 வாட்டும் வழங்க முனையும். சுமையின் ஓம் குறையக் குறைய மின்னோட்டம் ஏறி, டிரான்சிஸ்டர்கள் சூடேறிப் பழுதாகும். ஆகவே குறிக்கப்பட்ட குறைந்த அளவுக்குக் கீழே செல்லக் கூடாது. மேலே சென்றால் ஒலி குறையுமே தவிரக் கேடு விளையாது. எதையும் இணைக்காமல் விட்டாலும் பெரும்பாலான டிரான்சிஸ்டர் பெருக்கிகளுக்குத் தீங்கில்லை.

வால்வுப் பெருக்கியை எதையும் இணைக்காமல் இயக்குவதுதான் பேரிடர். மின்மாற்றியின் காந்தப்புலத்தில் தேங்கிய ஆற்றல் வெளியேற வழியின்றி முதன்மைச் சுருளில் மிக உயர்ந்த மின்னழுத்தமாக எழும்பும். அது சுருளின் காப்புறையைத் துளைக்கும். வால்வின் தாங்கியில் தீப்பொறியாகப் பாயும். சுமையின் ஓம் மிகுந்தால் இவ்விடரின் திசையில் நகர்கிறோம்; அழுத்தம் ஏறுகிறது, வால்வின் திரை மின்வாய் வருந்துகிறது. ஓம் குறைந்தால் வால்வின் மின்னோட்டம் மிகுந்து அதன் ஆயுள் தேய்கிறது. சில பெருக்கிகள் ஒரு படி வேறுபாட்டைத் தாங்கும், சில தாங்கா. அதை உறுதியாகச் சொல்லும் உரிமை அக்கருவியைச் செய்தவருக்கே உண்டு. அவர் கையேட்டில் அனுமதி இல்லையெனில், 8-க்கு 8, 16-க்கு 16 என்பதே நெறி.

உலகெங்கும் பரவிய பெருக்கிகள் இந்த எண்ணில் ஒருமைப்பட்டவை அல்ல. ஃபெண்டர் நிறுவனத்தின் 22 வாட் டீலக்சு ரிவெர்பு 8 ஓமை வேண்டுகிறது. அதே நிறுவனத்தின் டுவின் ரிவெர்பில் இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகள் இணையாக இருப்பதால் 4 ஓம். நான்கு 10 அங்குல ஒலிபெருக்கிகளை இணையாகக் கொண்ட பேசுமேன் 2 ஓம். மார்ஷல் நிறுவனத்தின் நான்கு ஒலிபெருக்கிப் பெட்டி பெரும்பாலும் 16 ஓம். நான்கு 16 ஓம் ஒலிபெருக்கிகளை இரண்டிரண்டாகத் தொடரில் சேர்த்து, அவ்விரு தொடர்களையும் இணையாக்கினால் மீண்டும் 16 ஓமே வரும். எனவே நண்பரிடம் இருக்கும் சுமைப்பெட்டி நமக்கும் பொருந்தும் என்று கருதிவிட முடியாது. பிரெஞ்சு நாட்டின் டூ நோட்சு நிறுவனம் தன் கேப்டர் சுமைப்பெட்டியை 4, 8, 16 ஓம் என்று தனித்தனி வடிவங்களாகவே விற்றது.

வெறும் தடை போதுமா?

எண்ணைப் பொருத்திவிட்டால் கருவி பிழைக்கும். ஒலியும் பிழைக்க வேண்டுமானால் இன்னும் ஒரு படி செல்ல வேண்டும்.

8 ஓம் கித்தார் ஒலிபெருக்கியின் மின்னெதிர்ப்பை அதிர்வெண்ணுக்கு எதிராக வரைந்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். ஏறத்தாழ 75 முதல் 110 ஹெர்ட்சுக்குள் கூம்பு தன் இயல்பான ஒத்ததிர்வை அடைகிறது. அப்போது அசையும் சுருளே ஒரு மின்னாக்கியாகிச் செலுத்தப்படும் மின்னோட்டத்தை எதிர்க்கிறது. மின்னெதிர்ப்பு 8 ஓமிலிருந்து பல மடங்கு உயர்கிறது. சில நூறு ஹெர்ட்சில் அது பெயரளவு மதிப்பின் அருகே இறங்குகிறது. அதன்பின் சுருளின் மின்தூண்டல் காரணமாக மீண்டும் ஏறி, சில ஆயிரம் ஹெர்ட்சில் 20 ஓமையும் தாண்டுகிறது.

டிரான்சிஸ்டர் பெருக்கி இந்த மேடுபள்ளத்தைப் பொருட்படுத்துவதில்லை. வால்வுப் பெருக்கியின் உள்ளெதிர்ப்பு உயர்ந்தது. ஆகவே சுமை உயரும் இடத்தில் அதன் மின்னழுத்தமும் உயர்கிறது. அடித்தொனி திரண்டு எழுவதும், மேல்தொனி கூர்மை பெறுவதும் இதனால்தான். வால்வுப் பெருக்கி உயிரோடு பதில் சொல்கிறது என்று கலைஞர்கள் உணர்வதற்குப் பெருங்காரணம் இந்த வளைகோடு. எல்லா அதிர்வெண்ணிலும் மாறாத 8 ஓம் காட்டும் வெறும் தடைப்பெட்டியை இணைத்தால் இந்த ஏற்றங்கள் மறைகின்றன, ஒலி தட்டையாகிறது.

இதற்குத் தீர்வாகவே மின்மறுப்புச் சுமைப்பெட்டி உருவாயிற்று. 10 மில்லிஹென்றி மின்தூண்டியையும் 400 மைக்ரோஃபாரட் மின்தேக்கியையும் இணையாக இணைத்தால், அவற்றின் ஒத்ததிர்வு ஏறத்தாழ 80 ஹெர்ட்சில் அமையும். அவற்றோடு தகுந்த தடையொன்றை இணைத்து அம்மேட்டின் உயரத்தை வரையறுக்கலாம். தொடரில் இன்னொரு சிறு மின்தூண்டியைச் சேர்த்தால் மேல் அதிர்வெண்களின் ஏற்றமும் கிடைக்கும். பிளசு டூ இயற்பியலில் மாணவர் படிக்கும் மின்தூண்டி, மின்தேக்கி, மின்தடைச் சுற்று ஓர் ஒலிபெருக்கியின் உருவத்தை ஏற்று நிற்கும் அழகிய காட்சி இது. ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும்: கித்தார் ஒலிபெருக்கி 5,000 ஹெர்ட்சுக்கு மேல் விரைந்து அடங்கிவிடும். அந்த வடிகட்டல் சுமைப்பெட்டியில் இல்லை. ஆகவே அதன் குறிப்பலையைப் பதிவு செய்யும்போது, ஒலிபெருக்கிப் பெட்டியின் துலங்கலைக் கணினியிலோ கருவியிலோ சேர்த்தாக வேண்டும்.

வெப்பத்தின் கணக்கு

ஆற்றல் அழியாது; சுமைப்பெட்டியில் அது வெப்பமாகிறது. பெருக்கியின் '50 வாட்' என்னும் குறிப்பு சிதையாத சைன் அலைக்கு உரியது. உச்சத்தில் இயக்கும்போது அலை தலை நறுக்கப்பட்டுச் சதுர வடிவை நெருங்கும். ஒரே உச்ச அழுத்தமுள்ள சதுர அலை, சைன் அலையைவிட இருமடங்கு ஆற்றல் தரும். எனவே 50 வாட் பெருக்கிக்கு 100 வாட் தாங்கும் சுமைப்பெட்டியே பொருத்தம். அலுமினிய உறையிட்ட தடையிகளில் குறித்திருக்கும் திறனும், தகுந்த வெப்பத்தகட்டில் பொருத்தப்பட்ட நிலைக்கே உரியது. சித்திரை, வைகாசி வெயிலில் 40 பாகை செல்சியசைத் தொடும் செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்தக் கணக்கில் தாராளம் காட்டுவது அறிவுடைமை. பெட்டியைச் சுற்றிக் காற்று உலவ இடம் விட வேண்டும். துணியால் மூடுவதும், அலமாரிக்குள் அடைப்பதும் கூடாது.

தேர்வின் நெறிகள்

பெருக்கியின் பின்புற எண்ணை முதலில் படியுங்கள். 4, 8, 16 எனத் தேர்வுமாற்றி இருந்தால், சுமைப்பெட்டியின் எண்ணுக்கு அதைத் திருப்புங்கள். ஒரே எண் மட்டும் இருந்தால் அதே எண்ணுள்ள பெட்டியை வாங்குங்கள். ஒலிபெருக்கியையும் சுமைப்பெட்டியையும் இணை முனைகளில் ஒருசேரச் செருகினால் இரண்டு 8 ஓம் சுமைகள் 4 ஓமாகும் என்பதை மறவாதீர்கள். பெருக்கியிலிருந்து சுமைப்பெட்டிக்கு ஒலிபெருக்கிக் கம்பியையே பயன்படுத்துங்கள். முனை ஒன்றாகத் தோன்றினாலும் கித்தாரை இணைக்கும் மெல்லிய உறைக்கம்பி அந்த மின்னோட்டத்தைத் தாங்காது. இணைப்பை உறுதி செய்தபின் மின்சாரம், மின்சாரத்தை நிறுத்தியபின் இணைப்பை மாற்றுதல் என்னும் வரிசை ஒருபோதும் பிறழக் கூடாது. பெருக்கியின் உள்ளே உள்ள மின்தேக்கிகள் மின்சாரத்தை நிறுத்திய பின்னும் உயிர்பறிக்கும் அழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். பயிற்சி இல்லாதவர் பெட்டியைத் திறப்பது தகாது.

குழாய் கட்டும் தொழிலாளி பட்டறிவால் கண்டதும், கித்தார் இளைஞன் கடையில் தேடுவதும், மாணவன் பாடநூலில் படிப்பதும் ஒரே விதி. ஆயினும் இம்மூவரும் ஒருவரையொருவர் சந்திக்க நம் கல்விமுறை இன்னும் வழி அமைக்கவில்லை. மின்னெதிர்ப்பைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், ஒரு பழைய ஒலிபெருக்கியையும் பன்னளவியையும் வகுப்புக்குக் கொண்டுவந்து, 8 ஓம் என்று எழுதியது ஏன் 6 காட்டுகிறது என்று மாணவரைக் கேட்கட்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் நம் ஊர் மைக் செட் தொழிலாளர்களை அழைத்து, 100 வோல்ட் வரிசையை மாணவர்முன் கட்டிக்காட்டச் செய்யட்டும். இசை பயிலும் இளைஞர்கள் பெருக்கியின் விலையைக் கேட்கும்முன் அதன் மின்னெதிர்ப்பைக் கேட்கப் பழகட்டும். எண் பொருந்தினால் கருவி காக்கப்படும். மின்மறுப்பின் இயல்பும் பொருந்தினால் இசை காக்கப்படும். திறனின் அளவும் பொருந்தினால் இரண்டும் நீடித்து நிலைக்கும்.